தெற்கு நோக்கி ஒரு நாள்

கூடுவாஞ்சேரி இரயில் நிலையத்தில் காலை வேளையில் திரளும் மக்கள் அனைவரும் வடதிசை நோக்கியே நிற்பர். தாம்பரம், கிண்டி, எழும்பூர், கடற்கரை என்று அலுவலகங்களும் கல்லூரிகளும் அத்திசையிலேயே உள்ளன. மாலையில் அதே மக்கள் களைத்த முகத்தோடு திரும்புகின்றனர். ஆண்டுக்கணக்காக இவ்வாறு சென்று வருபவருள் பலர், எதிர்ப்புற நடைமேடையில் வந்து நின்று தெற்கே செல்லும் வண்டியில் ஒரு முறையேனும் தம் குடும்பத்தோடு ஏறியதுண்டா? வேளாங்கண்ணிக்கும், உறவினர் திருமணத்திற்கும், துக்க வீட்டிற்கும் தெற்கே போயிருப்பர். அவை இரவில் ஏறி, உறங்கி, விடியலில் இறங்கும் பயணங்கள். இடையிலுள்ள நாடு நகரங்களைக் கண் திறந்து பார்த்தவர் சிலரே.

ஒரு நாள் விடுமுறையில், சிறு செலவில், குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சென்று வரத்தக்க சிற்றூர்ப் பயணம் ஒன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இரயில்?

குடும்பச் சுற்றுலா இரயிலோடு சேர்ந்தே பிறந்தது எனலாம். இங்கிலாந்தில் தாமஸ் குக் என்னும் தச்சுத் தொழிலாளி, 1841ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், ஏறத்தாழ ஐந்நூறு பேரை இலெஸ்டர் நகரிலிருந்து இலஃபரோ என்னும் ஊருக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டமொன்றில் கலந்துகொள்ளவே அப்பயணம். கட்டணம் ஆளுக்கு ஒரு சில்லிங். தொலைவு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு உள்ள தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே! உழைத்துக் களைத்த எளிய மக்களுக்கு மதுக்கடையை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லையே என்று வருந்திய ஒரு மனிதர், அவர்களைக் குடும்பத்தோடு திறந்த வெளிக்கு அழைத்துச் செல்ல இரயிலைக் கருவியாகக் கொண்டார்.

நம் நாட்டில் 1853இல் மும்பையில் இரயில் ஓடத் தொடங்கியது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கித் தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடியது. 1960களில் மின்கம்பிகள் விழுப்புரம் வரை நீண்டன. நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பது குறுகிய மீட்டர் பாதை வண்டிகளையே. புறநகர்ப் பாதையில் அவை 2004இல் முற்றிலும் விடைபெற்றன. பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து செல்லும்போது இக்கதைகள் தாமாகவே வெளிவரும். மகிழுந்தில் செல்லும்போது தந்தை சாலையையே பார்த்திருப்பார். தாய் பின்னிருக்கையில் பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருப்பார். இரயிலில் எவரும் வண்டியோட்ட வேண்டுவதில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமரலாம். வாரத்தின் ஆறு நாட்களில் இது நம்மில் எத்தனை வீடுகளில் நிகழ்கிறது?

ஏரிகளின் நாடு

எதைப் பார்ப்பது என்னும் கேள்வி எழும். செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்பது பொருந்தும். ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இங்கில்லை. பாலாறும் பெரும்பாலான மாதங்களில் மணற்பரப்பாகவே கிடக்கும். எனவே வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் விழும் நீரைத் தேக்கி வைத்து, ஆண்டு முழுதும் வேளாண்மை செய்யும் வழியை நம் முன்னோர் கண்டனர். தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவில் கரை எழுப்பினர். கரையில் மதகு வைத்து வயலுக்கு நீர் விட்டனர். ஏரி நிறைந்தால் மிகுநீர் வழிந்தோடக் கலங்கல் அமைத்தனர். மேல் ஏரியின் கலங்கல் நீர் கால்வாய் வழியே கீழ் ஏரியை அடையும். அது நிறைந்தபின் அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்தவை இவ்வட்டாரத்து ஏரிகள்.

இதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது வெறும் பொது அறிவு அன்று. நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் எனும் நம்மைச் சூழ்ந்த ஊர்கள் யாவும் ஏரியும் வயலுமாய் இருந்தவையே. இன்று வயல்கள் மனைகளாகிவிட்டன, கால்வாய்கள் தெருக்களாகிவிட்டன. 2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வழி தவறி வரவில்லை. தன் பழைய வழியிலேயே வந்தது. கடனுக்கு மேல் கடன் வாங்கி நாம் கட்டிய வீடு எந்த ஏரியின் கீழ் நிற்கிறது என்பதை அறியாத தலைமுறை ஒன்று நம் வீட்டிலேயே வளர்கிறது. ஏரி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, நாளை மனை வாங்கப் போகும்போது விலையை மட்டும் கேட்காது. நிலத்தின் சரிவையும் கேட்கும். ஒரு நாள் பயணம் இவ்வளவு பெரிய பாடத்தைத் தரவல்லது.

கூடுவாஞ்சேரியில் ஏறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் ஆகிய நிலையங்களைக் கடந்து செங்கல்பட்டை அடையலாம். ஊருக்குள் நுழையுமுன் பாதையை ஒட்டி விரிந்து கிடப்பது கொளவாய் ஏரி. செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கல்பட்டு என மருவியது என்பர். செங்கழுநீர் நீரில் பூக்கும் மலர் என்பதைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே சொல்லலாம். 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவானபோது நம் தலைநகராயிற்று இவ்வூர். இதற்கப்பால் இரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நமக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: மதுராந்தகமும் வேடந்தாங்கலும்

பறவைகளை விரும்பும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இது ஏற்றது. செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் படாளம், கருங்குழி, மதுராந்தகம் என நிலையங்கள் வரும். மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பெயர். ஊரை ஒட்டிய ஏரி இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. ஏரி உடையாமல் இராமன் காத்ததாக ஊரார் சொல்லி வருவதால் இங்குள்ள பெருமாளுக்கு ஏரிகாத்த இராமர் என்று பெயர். கரை உடைந்தால் ஊரே அழியும் என்னும் அச்சமும், அதைக் காப்பது புனிதக் கடமை என்னும் உணர்வும் அப்பெயரிலேயே பொதிந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் இவ்வேரியைத் தூர்வாரும் பெரும்பணி மேற்கொள்ளப்பட்டதால், நீர் நிலையைக் கேட்டறிந்து செல்வது நலம்.

மதுராந்தகத்திலிருந்தோ படாளத்திலிருந்தோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சாலை வழியே சென்றால் வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 எக்டேர் பரப்பேயுள்ள சிற்றேரி அது. நவம்பர் முதல் மார்ச்சு வரை நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா என ஆயிரக்கணக்கான பறவைகள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இவ்வூரின் பெருமை பறவைகளால் மட்டும் வந்ததன்று. பறவைகளை வெள்ளையர் சுட்டு வீழ்த்தியபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். 1798ஆம் ஆண்டளவில் ஆட்சியர் லயனல் பிளேசு அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். இன்றும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட இங்கு வெடி வெடிப்பதில்லை. 2022இல் இவ்விடம் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமக்குப் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுத்துப் பிற உயிரைக் காக்கும் ஊரை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டாமா?

பறவைகள் பெருவாரியாகக் கூடு திரும்புவது மாலை 4 மணிக்குப் பிறகு. ஆதலால் காலையில் மதுராந்தகம், நண்பகல் உணவும் ஓய்வும், மாலையில் வேடந்தாங்கல் என வகுத்துக்கொள்ளலாம். திரும்புகையில் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி: பாலாற்றங்கரையும் காஞ்சியும்

செங்கல்பட்டில் மேற்கே பிரியும் பாதை அரக்கோணம் செல்கிறது. பாலூர், பழையசீவரம், வாலாசாபாத் வழியாகச் சுமார் 36 கிலோமீட்டரில் காஞ்சிபுரம். பாதை நெடுகப் பாலாற்றுச் சமவெளி. நெல்வயலும் தென்னந்தோப்பும் சன்னலோரம் வரும். சாலையில் செல்வோர்க்குக் கிட்டாத காட்சி இது.

பழையசீவரத்திற்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் உள்ளது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோவிலில் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. மாணவர் கல்வி கற்கவும் தங்கவும் செய்த ஏற்பாட்டையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததையும் அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. நோயாளருக்குப் பணிவிடை செய்வதைப் பெரும்பேறாகக் கருதும் நமக்கு, ஆயிரமாண்டுக்கு முன் நம் மண்ணில் இருந்த அவ்வறச்செயல் மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ? மருத்துவம், செவிலியர் படிப்பில் சேர விரும்பும் மகனோ மகளோ இருந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லலாம்.

காஞ்சியில் பல்லவர் கலையைக் காண 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோவில் ஒன்றே போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முற்பட்டால் ஒன்றும் மனத்தில் நில்லாது. மிஞ்சிய நேரத்தில் தறியொன்றில் கோர்வை போடுவதைக் கேட்டுப் பார்க்கலாம். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து, இருபுறமும் இழைகளைப் பின்னி இணைக்கும் அந்நுட்பத்திற்கு இரு கைகள் போதா. மறுபுறம் துணைக்கு ஒருவர் அமர வேண்டும். புடவை வாங்கும் திட்டம் இருந்தால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்வதே வீட்டு அமைதிக்கு உகந்தது!

மூன்றாம் வழி: அச்சிறுப்பாக்கம்

முதியோரை அழைத்துச் செல்லவும், அன்பியமாகவோ பல குடும்பங்கள் சேர்ந்தோ செல்லவும் இது எளிய வழி. மதுராந்தகத்திற்கும் மேல்மருவத்தூருக்கும் அப்பால் அச்சிறுப்பாக்கம் நிலையம் உள்ளது. மக்கள் வழக்கில் அச்சரப்பாக்கம். இங்கு குன்றின்மேல் அமைந்துள்ளது மழைமலை மாதா திருத்தலம். மழைக்காக மக்கள் அன்னையிடம் மன்றாடியதை நினைவூட்டும் பெயர் அது. ஏரிகளை நம்பி வாழும் நாட்டில் அன்னைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? குன்றின் மேலிருந்து பார்த்தால் வயல்களும் ஏரிகளும் நாற்புறமும் விரிந்து கிடக்கும். வழியில் கண்ட ஏரிகளையெல்லாம் அங்கு நின்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

திட்டமிடும் முறை

முதலாவது, திரும்பும் வண்டியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். போகும் வண்டியைப் பின்னர் முடிவு செய்யுங்கள். கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே மின்சார இரயில்கள் அடிக்கடி உண்டு. செங்கல்பட்டைத் தாண்டினால் நிலைமை வேறு. சிறு நிலையங்களில் பயணியர் வண்டிகள் மட்டுமே நிற்கும். அவையும் நாளுக்குச் சிலவே. மாலை வண்டியைத் தவறவிட்டால் பேருந்து எங்கே கிடைக்கும் என்பதையும் முன்னரே கேட்டு வையுங்கள். பெருஞ்சாலை இரயில் பாதைக்கு அருகிலேயே செல்வதால் மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் வழிகளில் இதற்குத் தட்டுப்பாடு இராது.

இரண்டாவது, நாளைத் தேர்ந்தெடுத்தல். ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் வண்டிகள் குறைவு. பாதைப் பணிகளுக்காகச் சில வண்டிகளை நிறுத்துவதும் உண்டு. விடுமுறையான சனிக்கிழமை கிடைத்தால் அதுவே சிறந்தது. ஞாயிறன்றுதான் முடியுமெனில் சனி மாலைத் திருப்பலியில் பங்குகொண்டு, பின் விடியலில் புறப்படலாம். பொங்கலை ஒட்டிய நாட்களில் வண்டிகளில் நிற்கவும் இடமிராது. மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடைப் பக்தர்களின் கூட்டமும் மிகுதி. சனவரி இறுதியும் பிப்ரவரியும் ஏற்ற காலம்: ஏரிகளில் நீர் இருக்கும், வெயில் கடுமையாக இராது. புறப்படுவதற்கு முந்தைய நாள் 139 என்னும் இரயில்வே எண்ணில் வண்டி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பயணச்சீட்டு. சென்னைக்குச் சென்றுவரும் சீசன் சீட்டு தெற்கே செல்லாது; தனியே எடுக்க வேண்டும். இத்தகைய குறுந்தொலைவுப் பயணத்திற்கு முன்பதிவில்லாச் சீட்டைப் பயண நாளிலேயே எடுப்பது முறை. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு முன்பதிவில்லாச் சீட்டில் அரைக்கட்டணம். மொத்தக் கட்டணம் நண்பகல் உணவுச் செலவினும் குறைவாகவே அமையும்.

நான்காவது, உணவும் பிற தேவைகளும். புளிச்சோறும் தயிர்ச்சோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் கெடாமல் உடன்வரும். ஆளுக்கொரு நீர்ப்புட்டி தேவை. மின்சார இரயில்களில் கழிப்பறை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கரை நோயுள்ள முதியோரும், கருவுற்ற பெண்களும், குழந்தைகளும் உடன்வந்தால் செங்கல்பட்டுச் சந்திப்பில் சற்று நேரம் இறங்கி இளைப்பாறி அடுத்த வண்டியில் செல்லுமாறு நேரம் ஒதுக்க வேண்டும். சிறு நிலையங்களில் வண்டி நிற்பது மிகக் குறைந்த நேரமே. இறங்கும் நிலையத்திற்கு முந்தைய நிலையத்திலேயே பொருள்களைக் கையிலெடுத்து, யார் எந்தக் குழந்தையின் கையைப் பிடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நேரம் போதவில்லை என்று தண்டவாளத்தைக் கடக்கும் எண்ணம் எவருக்கும் வரலாகாது. படிக்கட்டு ஏறும் பாட்டிக்காக வண்டியொன்றை விட்டுவிடுவதால் குறைவொன்றும் வந்துவிடாது.

ஐந்தாவதும் முதன்மையானதுமான விதி ஒன்றுண்டு. வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடையே திட்டத்திற்கு அளவுகோல். பல வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. இளைஞரின் வேகத்திற்குத் திட்டமிட்டு, "உங்களால் முடியாது, அம்மா, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரியவரை விட்டுச் செல்கின்றனர். அவரும் "நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். அச்சொல்லை அப்படியே நம்பிவிடலாகாது. ஏரியில் மதகு திறந்ததையும், நாற்று நட்டதையும், களத்தில் நெல் தூற்றியதையும் கண்ணால் கண்டவர் வீட்டில் அவர் ஒருவரே. அவரை வீட்டில் விட்டுவிட்டு ஏரி பார்க்கப் போவது, விளக்கை வீட்டில் வைத்துவிட்டு இருளில் வழி தேடுவதை ஒக்கும். மூன்று இடங்கள் பார்க்க நினைத்த நாளில் ஓரிடம் மட்டும் பார்த்தால் போதும். அவர் உடனிருக்க வேண்டும்.

வண்டியில் ஏறியபின் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். சன்னலுக்கு வெளியே எத்தனை ஏரிகள் வருகின்றன, எவற்றில் நீர் உண்டு, எவற்றில் வீடுகள் முளைத்துவிட்டன என்று ஒரு தாளில் எழுதட்டும். கரை எந்தப் பக்கம், கலங்கல் எந்தப் பக்கம் என்று பாட்டியிடம் கேட்கட்டும். திரும்பும்போது அதே ஏரிகளைப் பின்னிருந்து முன்னாக எண்ணிச் சரிபார்க்கலாம். கைப்பேசி அன்று பைக்குள்ளேயே உறங்கட்டும். வண்டி நேரம் பார்க்க மட்டும் அதை எழுப்பினால் போதும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் பொருள்களையெல்லாம் வாங்கிக் கொடுக்க நாள்தோறும் வடக்கே சென்று உழைக்கிறோம். அவர்கள் வாய் திறந்து கேட்காத ஒன்றும் உண்டு. அது நம்முடைய ஒரு நாள். இம்மாத நாட்காட்டியை எடுத்து அந்நாளைக் குறியுங்கள். வீட்டுப் பெரியவரிடம் இன்றிரவே சொல்லுங்கள். மறுத்தால் மறுபடியும் சொல்லுங்கள்.